கண்டுபிடிக்கும் கூலி

நம் ஊர்ப் பட்டறைகளில் எல்லா வேலைக்கும் ஒரு கூலி உண்டு. ஆயில் மாற்ற இவ்வளவு, பிரேக் ஷூ மாற்ற இவ்வளவு, கிளட்ச் இறக்கி ஏற்ற இவ்வளவு என்று கேட்ட மாத்திரத்தில் சொல்லிவிடுவார்கள். ஒரு வேலைக்கு மட்டும் கூலி கிடையாது. பழுது எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்கும் வேலை அது. அதை இலவசமாகச் செய்து தர வேண்டும் என்றே வண்டிக்காரர்கள் எதிர்பார்க்கிறார்கள். பட்டறைக்காரர்களும் அதற்குப் பணம் கேட்கக் கூச்சப்படுகிறார்கள். இந்த எதிர்பார்ப்புக்கும் அந்தக் கூச்சத்துக்கும் நாம் கொடுத்துக்கொண்டிருக்கும் விலை பெரிது என்பது என் கருத்து. அதை விளக்க, காரில் உள்ள ஒரு சிறிய உறுப்பையும், அதன் பெயரால் காரின் கணினி எழுதிவைக்கும் ஓர் எண்ணையும் எடுத்துக்கொள்கிறேன். உறுப்பு, கிராங்க் சென்சார். எண், பி 0335.

இலக்கியம் பேசும் இடத்தில் இஞ்சின் விவகாரம் எதற்கு என்று நண்பர்கள் நினைக்கலாம். சற்றுப் பொறுத்துப் படித்தால், இது ஒருவகையில் வாசிப்பைப் பற்றிய கட்டுரை என்பது விளங்கும். ஒரு குறி எதைச் சொல்கிறது, எதைச் சொல்லவில்லை, எந்த இடத்தில் வாசகன் அவசரப்படுகிறான் என்பவை தமிழ் படித்தவர்களுக்குப் பழகிய கேள்விகள்தாம்.

முதலில் அந்த உறுப்பின் வேலையைப் பார்ப்போம். பிஸ்டன்கள் மேலும் கீழுமாக ஓடும் ஓட்டத்தைச் சுழற்சியாக மாற்றித் தருவது கிராங்க் தண்டு. தையல் இயந்திரத்தின் மிதிபலகை ஆடுவதைச் சக்கரத்தின் சுழற்சியாக மாற்றும் கம்பியை நினைத்துக்கொண்டால் போதும். பழைய அம்பாசடர் பெட்ரோல் காரில், தீப்பொறி எந்தக் கணத்தில் விழ வேண்டும் என்பதை டிஸ்டிரிபியூட்டர் என்ற அமைப்பு இயந்திர முறையிலேயே பார்த்துக்கொண்டது. இன்றைய கார்களில் தீப்பொறியானாலும் டீசல் பீய்ச்சலானாலும் நேரத்தைக் குறிப்பது கணினி. ஆனால் தண்டு இந்தக் கணத்தில் எந்தக் கோணத்தில் நிற்கிறது என்று யாராவது அதற்குச் சொல்ல வேண்டும். அதைச் சொல்வதுதான் கிராங்க் சென்சார்.

அது சொல்லும் முறை அழகானது. கிராங்க் தண்டோடு சேர்ந்து சுற்றும் ஒரு பல்சக்கரத்தின் எதிரே சென்சார் அசையாமல் நிற்கிறது. பரவலாக வழக்கத்தில் உள்ள அமைப்பில் அந்தச் சக்கரத்தில் 60 பற்களுக்கு இடம் இருக்கும். பற்கள் 58தான் இருக்கும். ஒரு பல்லுக்கு 6 பாகை. ஒவ்வொரு பல்லும் கடக்கும்போது ஒரு மின்துடிப்பு எழுகிறது. நிமிடத்துக்கு 3000 சுற்று ஓடும் இஞ்சினில் நொடிக்கு 50 சுற்று, அதாவது நொடிக்கு 2900 துடிப்புகள். எல்லாப் பற்களும் ஒன்றுபோல் இருந்திருந்தால் சக்கரம் சுற்றுகிறது என்பது மட்டும் தெரியும். எங்கே நிற்கிறது என்பது தெரியாது. இல்லாத அந்த இரண்டு பற்களின் இடைவெளியை வைத்துத்தான் கணினி எண்ணத் தொடங்குகிறது. நாற்சீரடிகளாக நடந்து வரும் வெண்பா, ஈற்றடியில் ஒரு சீர் குறைந்து நிற்கும்போது பாட்டு முடிந்தது என்று காது அறிந்துகொள்கிறதல்லவா, ஏறத்தாழ அப்படி.

இந்தத் துடிப்பு கணினிக்கு வராமற்போனால் இஞ்சின் ஓடாது. செல்ஃப் எடுக்கும், வண்டி பிடிக்காது. அல்லது ஓடிக்கொண்டிருக்கும்போதே நின்றுவிடும். கேம் தண்டின் சென்சாரைத் துணைக்கு வைத்துக்கொண்டு சில கார்கள் சமாளித்து ஓடும். எல்லாக் கார்களாலும் முடியாது. கணினி தன் நினைவில் ஓர் எண்ணை எழுதிவைத்து, ஓட்டுநரின் முன்னால் இஞ்சின் வடிவ விளக்கை ஏற்றிவைக்கிறது.

அமெரிக்காவில் 1996ஆம் ஆண்டு மாடலிலிருந்து எல்லாக் கார்களுக்கும் பொதுவாக்கப்பட்ட எண் முறை இது. இந்தியாவில் பாரத் நிலை 4 மாசு விதிகள் 2010 ஏப்ரலில் சென்னை உள்ளிட்ட 13 நகரங்களில் நடைமுறைக்கு வந்தன. 2013 ஏப்ரல் முதல் அவற்றுக்கு உட்பட்ட கார்களில் இந்தத் தற்சோதனை அமைப்பு முழு அளவில் கட்டாயமாயிற்று. 2017 ஏப்ரலில் அந்த விதிகள் நாடு முழுவதற்கும் வந்தன. ஸ்டீயரிங்குக்குக் கீழே உள்ள 16 முனைச் சாக்கெட்டில் ஒரு சிறிய கருவியைச் செருகிக் கைப்பேசியிலேயே எண்ணைப் படித்துவிடலாம். திருவண்ணாமலையின் சிறு பட்டறைகளிலும் இன்று ஸ்கேனர் இருக்கிறது. எண்ணைப் படிக்கும் கருவி எல்லோர் கைக்கும் வந்துவிட்டது. எண்ணை வாசிக்கும் பயிற்சி அந்த அளவுக்கு வரவில்லை.

பி 0335 என்பதை எழுத்தெழுத்தாகப் பிரித்துப் பார்ப்போம். பி, இஞ்சினும் கியரும் சேர்ந்த இயக்கப் பகுதியைக் குறிக்கும். அடுத்த 0, எல்லா நிறுவனங்களுக்கும் பொதுவான எண் என்பதற்கு அடையாளம். 3, தீமூட்டல் தொடர்பான வகை. முழு எண்ணுக்கும் தரப்பட்டுள்ள பொருள், 'கிராங்க் சென்சார் ஏ, மின்சுற்று' என்பது. இதில் உயிரான சொல் 'மின்சுற்று'. சென்சார் கெட்டுவிட்டது என்று எண் சொல்லவில்லை. சென்சார், அதிலிருந்து கிளம்பும் இரண்டு அல்லது மூன்று ஒயர்கள், நடுவே உள்ள கப்ளர், அதன் பித்தளை முனைகள், எர்த், கணினியின் முனை ஆகிய எல்லாம் சேர்ந்தது மின்சுற்று. அதில் எங்கோ ஒரு குறை என்பதே செய்தி. இதன் உடன்பிறப்புகளான எண்களும் உண்டு. 0336 என்றால் துடிப்பு வருகிறது, ஒழுங்காக இல்லை. 0337 என்றால் மின்னழுத்தம் குறைவு. 0338 என்றால் மிகுதி. 0339 என்றால் விட்டுவிட்டு வருகிறது. ஐந்தும் ஐந்து வெவ்வேறு வாக்கியங்கள். நம் பட்டறைகளில் பெரும்பாலும் இந்த ஐந்துக்கும் ஒரே மொழிபெயர்ப்புத்தான்: "சென்சார் போயிடுச்சு சார், மாத்திடலாம்."

சுவடி பதிப்பித்தவர்கள் இப்படிச் செய்ததில்லை. ஏட்டுச் சுவடியில் புள்ளி இராது. குறில் எகரத்துக்கும் நெடில் ஏகாரத்துக்கும் வடிவ வேறுபாடு இராது. பொருள் பொருந்தாத ஒரு சொல் எதிர்ப்பட்டால், நல்ல பதிப்பாசிரியர் அதைக் களைந்துவிட்டுத் தமக்குத் தோன்றியதை உடனே வைப்பதில்லை. எழுதியவர் கைப்பிழையா, செல் அரித்ததா, தாம் படித்த முறைதான் தவறா என்று பார்க்கிறார். வேறு பிரதிகளைத் தேடுகிறார். உரையோடு ஒப்பிடுகிறார். 1887இல் சீவக சிந்தாமணியை அச்சிட்ட உ.வே.சாமிநாதையர் ஏடு தேடி ஊர் ஊராக அலைந்தது இதற்காகத்தான். மூலத்தைத் திருத்துவது அவருக்குக் கடைசி வேலை. காரில் ஓர் உறுப்பை மாற்றுவதும் கடைசி வேலையாகவே இருக்க வேண்டும்.

அப்படியானால் முறையான வாசிப்பு எது? எண்ணை அழிப்பதற்கு முன் அதனோடு கணினி சேமித்துவைத்த சூழ்நிலைக் குறிப்பைப் பார்க்க வேண்டும். அந்தக் கணத்தில் இஞ்சின் எத்தனை சுற்று ஓடியது, எவ்வளவு சூடாக இருந்தது, வண்டி என்ன வேகத்தில் போனது என்பவை அதில் இருக்கும். சூடேறிய பின்தான் குறை வருகிறதா என்பதற்கு முதல் தடயம் அங்கே கிடைக்கும். அடுத்து, செல்ஃப் எடுக்கும்போது ஸ்கேனரில் சுற்று எண்ணிக்கை ஏறுகிறதா என்று கவனிக்க வேண்டும். இஞ்சின் கண்ணெதிரே சுற்றும்போதும் திரையில் பூச்சியம் நின்றால், துடிப்பு கணினியை எட்டவில்லை. பேட்டரியையும் அப்போதே சோதித்துவிடுவது நல்லது. காந்தமும் கம்பிச்சுருளும் கொண்ட வகைச் சென்சாரில் சக்கரம் மெதுவாகச் சுற்றினால் மின்னழுத்தமும் குறையும். களைத்த பேட்டரி, நல்ல சென்சார் மீது பழி போடும்.

பிறகு கண்ணும் கையும். கப்ளரைக் கழற்றி எண்ணெய், பச்சைக் களிம்பு, அகன்றுபோன முனை இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். ஒயர் போகும் வழி நெடுகிலும் உரசல், உருகல், எலிக்கடி உண்டா என்று தேட வேண்டும். மழைக்காலத்தில் நின்றுகொண்டே இருக்கும் காரின் இஞ்சின் அறையில் எலி குடும்பம் நடத்துவது நம் ஊரில் யாரும் அறியாததல்ல. ஏட்டுக்குச் செல், ஒயருக்கு எலி.

அதற்கு அப்புறம்தான் மீட்டர். இரண்டு ஒயர் வகையில் கம்பிச்சுருளின் மின்தடையை ஓமில் அளந்து, அந்தக் காருக்கு உரிய அளவோடு ஒப்பிடலாம். செல்ஃப் எடுக்கும்போது மாறுமின்னழுத்தம் எழுகிறதா என்றும் பார்க்கலாம். மூன்று ஒயர் கொண்ட ஹால் வகை வேறு. அதில் ஓம் அளப்பது பொருளற்றது. வரவேண்டிய 5 அல்லது 12 வோல்ட் வருகிறதா, எர்த் சரியாக இருக்கிறதா, மூன்றாவது ஒயரில் துடிப்பு எழுகிறதா என்பவைதாம் கேள்விகள். வோல்ட்டே வராத இடத்தில் எத்தனை புதுச் சென்சார் போட்டாலும் வண்டி பிடிக்காது. இவையெல்லாம் சரி என்றால் சென்சாரைக் கழற்றி, அதன் காந்த முனையில் இரும்புத்தூள் ஒட்டியிருக்கிறதா, பல்சக்கரத்தில் பல் உடைந்திருக்கிறதா, இடைவெளி கூடிவிட்டதா என்று பார்க்கலாம். இவ்வளவும் முடிந்த பிறகு சென்சாரே குற்றவாளி என்று தெரிந்தால் தாராளமாக மாற்றலாம். கம்பிச்சுருள் வெப்பத்தில் அறுபட்டு, ஆறிய பின் சேர்ந்துகொள்ளும் சென்சார்கள் உண்டுதான். நான் சென்சாருக்கு வக்காலத்து வாங்கவில்லை. விசாரணை வேண்டும் என்கிறேன்.

திருவண்ணாமலையில் இது வெறும் தொழில்நுட்பச் செய்தி அல்ல. இங்கே வாடகைக் கார் ஓட்டுபவர்களின் மாத வருமானம் பௌர்ணமியைச் சுற்றியே அமைகிறது. 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையை நாடி வரும் கூட்டத்தை நம்பித்தான் தவணை கட்டுகிறார்கள். அந்த நாட்களில் வண்டிகள் நெரிசலில் ஊர்கின்றன. காற்று படாமல் இஞ்சின் அறை கொதிக்கிறது. சூட்டில் மட்டும் வெளிப்படும் குறை அன்றைக்குத்தான் வெளிப்படும்.

எனக்குத் தெரிந்த ஓட்டுநர் ஒருவரின் கார், ஒரு மணி நேரம் ஓடியதும் நிற்கும். அரை மணி ஆறவிட்டால் பிடிக்கும். ஒரு பட்டறையில் எண்ணைப் பார்த்துச் சென்சாரை மாற்றினார்கள். நான்கு நாள் ஓடியது. மறுபடி நின்றது. டூப்ளிகேட்டாக இருக்கும் என்று இன்னொரு பட்டறையில் ஒரிஜினல் போட்டார்கள். அதுவும் நின்றது. மூன்றாவதாக, செங்கம் சாலையில் ஒரு பெரியவரிடம் போனார். அவர் இஞ்சினை ஓடவிட்டுச் சூடேறும்வரை காத்திருந்து, ஒயர்க்கட்டை அங்குலம் அங்குலமாக அசைத்துக்கொண்டே வந்தார். ஓர் இடத்தில் அசைத்ததும் இஞ்சின் நின்றது. ஒரு தகட்டின் விளிம்பில் உரசி உரசி உள்ளே செம்பு இழைகள் ஏறத்தாழ முழுதும் அறுந்திருந்தன. சூட்டில் விலகும், ஆறினால் தொடும். ஒரு சாண் ஒயர் வைத்துச் சேர்த்து, உறை மாட்டி, தகட்டில் படாமல் விலக்கிக் கட்டினார். அரை நாள் வேலை.

கூலியைச் சொன்னபோது நண்பர் கேட்டார்: "ஏன்ணா, ரெண்டு ஒயர ஒட்டுனதுக்கா இவ்ளோ?" இரண்டு சென்சார்களுக்கு வாய் திறக்காமல் பணம் கொடுத்தவர் அவர். பெரியவர் ஒன்றும் பேசாமல் கொடுத்ததை வாங்கிக்கொண்டார்.

நண்பரை நான் குறை கூற மாட்டேன். நம் எல்லோருடைய கணக்கும் அதுதான். கையில் பிடித்துப் பார்க்கக்கூடிய பொருளுக்குப் பணம் தருவோம். அதை வாங்க வேண்டாம் என்று காட்டிக்கொடுத்த அறிவுக்குத் தர மாட்டோம். ஆனால் இந்தக் கணக்கு பட்டறைக்காரருக்கு எதைக் கற்பிக்கிறது? அரை நாள் தேடிக் கண்டுபிடித்தால் நஷ்டம். அரை மணியில் பாகத்தை மாற்றினால் கூலியோடு லாபமும் உண்டு என்று கற்பிக்கிறது. தேடுகிறவன் தோற்கும்படி விலையை வைத்துவிட்டு, நல்ல மெக்கானிக் கிடைப்பதில்லை என்று நாமே புலம்புகிறோம்.

பழியை முழுதும் வண்டிக்காரர் தலையில் கட்டுவதும் நியாயமன்று. தேடுவதற்கு வரைபடம் வேண்டும். எந்த நிற ஒயர் எங்கே போகிறது, எத்தனை ஓம் இருக்க வேண்டும் என்ற குறிப்புகள் நிறுவனத்தின் சர்வீஸ் கையேட்டில் இருக்கும்; அது வெளிப்பட்டறைக்கு எளிதில் கிட்டுவதில்லை. இது வெறும் புலம்பல் அல்ல. 2011இல் பதிவான ஒரு முறையீட்டை விசாரித்த இந்தியப் போட்டி ஆணையம், 2014 ஆகஸ்ட் 25 அன்று 14 கார் நிறுவனங்களுக்கு மொத்தம் ஏறத்தாழ 2,545 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. உதிரிப் பாகங்களும், பழுது கண்டறியும் கருவிகளும், தொழில்நுட்பக் குறிப்புகளும் வெளிப்பட்டறைகளுக்குக் கிடைக்காதபடி தடுத்தது போட்டிச் சட்டத்துக்கு முரண் என்பது ஆணையத்தின் முடிவு. அவற்றை வெளியாருக்கும் கிடைக்கச் செய்யுமாறு உத்தரவிட்டது. தொடர்ந்து மேல்முறையீடுகள் நடந்தன. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் 2012இல் மக்கள் வாக்களித்தே வாகனம் பழுதுபார்க்கும் உரிமையைச் சட்டமாக்கினார்கள். நம் நுகர்வோர் விவகாரத் துறையும் 2022 ஜூலையில் இதற்கென ஒரு குழுவை அமைத்தது. அக்குழு எடுத்துக்கொண்ட துறைகளில் வாகனத் துறையும் ஒன்று. அவ்வாண்டு டிசம்பரில் பழுதுபார்க்கும் உரிமைக்கான இணையதளமும் தொடங்கப்பட்டது.

இவை நல்ல தொடக்கங்கள். ஆனால் குறிப்புகள் திறந்துவிடப்பட்டாலும் அவை ஆங்கிலத்தில்தான் இருக்கும். சென்னைக்குத் தெற்கே, கார்த் தொழிலால் பெயர்பெற்ற ஊர் ஒன்றுக்குத் தனித்தமிழ் இயக்கம் கண்ட மறைமலையடிகளின் பெயரைச் சூட்டியிருக்கிறோம். அந்த வட்டாரத்தில் செய்யப்பட்ட கார்களைப் பழுதுபார்க்கும் தமிழ்ப் பையனுக்கு, ஓர் எண்ணின் பொருளை முழு வாக்கியமாகச் சொல்லும் ஒரு தமிழ்க் கையேடு எளிதில் கிடைக்கிறதா? கலைச்சொல்லைப் பற்றி நான் சண்டையிட மாட்டேன். 'உணரி' என்று எழுதினாலும் 'சென்சார்' என்று எழுதினாலும் எனக்குச் சம்மதம். 'மின்சுற்றில் குறை' என்பதற்கும் 'சென்சார் போய்விட்டது' என்பதற்கும் உள்ள வேறுபாட்டை அவனுக்குப் புரியும் மொழியில் யாராவது எழுத வேண்டும். தமிழ் படித்தவர்களும் தொழிற்பயிற்சி நிலைய ஆசிரியர்களும் சேர்ந்து உட்கார்ந்தால் முடிகிற வேலைதான்.

கண்டுபிடிக்கக் கூலி கேட்டால், ஒன்றும் கண்டுபிடிக்காமலே வாங்கிக்கொள்வார்களே என்று ஓர் ஆட்சேபம் எழலாம். எழ வேண்டியதுதான். ஆனால் இரத்தப் பரிசோதனையில் எல்லாம் இயல்பு என்று வந்தாலும் நாம் கட்டணத்தைத் திரும்பக் கேட்பதில்லை. என்ன அளந்தார்கள் என்ற தாள் நம் கையில் இருப்பதால் கேட்பதில்லை. பட்டறையிலும் அதையே கேட்கலாம். எதை அளந்தீர்கள், எவ்வளவு இருந்தது, எவ்வளவு இருந்திருக்க வேண்டும் என்று ஒரு துண்டுத்தாளில் எழுதித் தரச் சொல்லலாம். மாற்றிய பழைய பாகத்தைக் கேட்டு வாங்கலாம். எழுதிக்கொடுக்க வேண்டும் என்றால் தேடாமல் இருக்க முடியாது.

வண்டிக்காரருக்கும் ஒரு கடமை உண்டு. திருக்குறளில் 'மருந்து' அதிகாரத்தின் கடைசிக் குறள், மருத்துவத்தின் நான்கு உறுப்புகளில் நோயாளியையே முதலில் வைக்கிறது. அதற்கு உரை கண்ட பரிமேலழகர், நோயாளியிடம் இருக்க வேண்டியவை என்று நான்கைச் சொல்கிறார். நோயின் நிலையை உணர்த்துவது அவற்றுள் ஒன்று, பொருளுடைமை இன்னொன்று. எப்போது நின்றது, சூட்டிலா குளிரிலா, மேட்டிலா பள்ளத்திலா, மழைக்குப் பிறகா என்று உள்ளபடி சொல்வது முதலாவது. தேடியவருக்கு உரியதைக் கொடுப்பது இரண்டாவது. பழைய உரைகாரர் நோயாளியின் கணக்கில் எழுதியதை நாம் மருத்துவரின் இலவசக் கணக்கில் எழுதிவிட்டோம்.

அடுத்த முறை அந்த விளக்கு எரியும்போது மெக்கானிக்கிடம் "என்ன மாத்தணும்?" என்று கேட்காதீர்கள். "என்னன்னு பாத்துச் சொல்லுங்க, பாக்கறதுக்கு எவ்வளவு?" என்று கேளுங்கள். அவர் முதலில் திகைப்பார். கேட்டுப் பழக்கமில்லாத கேள்வி. நாலு பேர் கேட்டால் ஆயில் மாற்றும் கூலிக்குப் பக்கத்தில் அதற்கும் ஒரு விலை வந்து உட்கார்ந்துவிடும். அந்த விலை வந்த பிறகு, தேடத் தெரிந்த ஒரு பையன் அந்தத் தொழிலிலேயே நிற்பான்.